இடக்கால் சப்பாத்து மட்டும் ஏன் முதல்ல போகுது

உங்கட வீட்டு வாசலில கிடக்கிற சப்பாத்துச் சோடியைத் தூக்கி அடியை ஒருக்கா பாருங்கோ. அனேகமா ரெண்டும் குதியின்ர வெளி ஓரத்தில கொஞ்சம் தேஞ்சிருக்கும், முன்னங்கால் ஊண்டுற இடம் கொஞ்சம் மழுங்கியிருக்கும், அவ்வளவுதான், அது சாதாரண நடை. என்ர சோடியைப் பாத்தா வலது நேத்துத்தான் கடையில இருந்து வந்த மாதிரி இருக்கும், இடது மூக்குப் பக்கம் சோல் கடதாசி மாதிரி மெலிஞ்சு, சின்னவிரல் பக்கம் சரிஞ்சு, இன்னும் கொஞ்ச நாள் போனா உள்ள இருந்து சொக்ஸ் எட்டிப் பாக்கும்.

எனக்குப் பிறக்கேக்கயே வந்த செரிபிரல் பால்சி, மூளையில வந்த பாதிப்பால தசை சொன்னபடி கேக்காத நிலை. இடப்பக்கம் மட்டும்தான், கடும் எண்டு சொல்லேலாது, நடப்பன், படி ஏறுவன், பஸ்ஸில நிண்டு போவன். ஆனா இடது கெண்டைக்கால் தசை எப்பவும் இறுகிக்கொண்டே நிக்கும், அதால குதி நிலத்தில வடிவாப் படாது, பாதத்தின்ர முன்பக்கம்தான் முதல்ல ஊண்டும். பிறகு காலை முன்னுக்குக் கொண்டுவரேக்க கணுக்கால் மடங்கி விரல் மேல எழும்ப வேணும், என்ர கால் அதைச் செய்யாது, நுனி நிலத்தை உரசிக்கொண்டுதான் வரும். சர் சர் எண்டு ஒரு சத்தம். நான் படிப்பிக்கிற வகுப்புப் பிள்ளையள் அந்தச் சத்தம் கேட்டே கதையை நிப்பாட்டிப் புத்தகத்தை விரிச்சுப் போடுவாங்கள், அந்த விசயத்தில எனக்கு லாபம்தான்.

வீடு திருகோணமலையில உவர்மலைப் பக்கம், பள்ளிக்கூடம் ரவுணுக்குள்ள. இறக்கத்தில போறது பரவாயில்ல, பின்னேரம் திரும்பி ஏறேக்கதான் சப்பாத்து கூடத் தேயிறது, ஏனெண்டா ஏத்தத்தில நிலம் முன்னால உயர்ந்து வருது, காலோ எழும்புறதில்ல, அப்ப மூக்கு றோட்டில நல்லா உரசும். கறள் பிடிச்ச அரம் ஒண்டு வாங்கி வச்சுத் தேய்ச்சாலும் இவ்வளவு கெதியாத் தேயாது எண்டு அம்மா சொல்லுவா.

கனகாலமா நான் தேடினது தேயாத சப்பாத்து. அப்பிடி ஒண்டு இல்ல. இழுத்து நடக்கிற காலுக்கு முன்னால எந்தச் சோலும் தேயும், விலை கூடினது கொஞ்சம் பிந்தித் தேயும், அவ்வளவுதான். ஆனபடியால் நான் இப்ப சப்பாத்தை ரெண்டாப் பிரிச்சுப் பாக்கிறன். மேல்பக்கமும் குதியைப் பிடிக்கிற பகுதியும் நல்லதா, காலுக்குச் சரியா இருக்கவேணும், அதுக்குத்தான் காசு குடுக்கிறன். அடி தேயிற சாமான், அதைத் தேயமுன்னமே பலப்படுத்தி, தேஞ்சா மாத்திக்கொண்டு போறது. பஸ் டயர் மாத்திற கணக்கு. இதை விளங்கிக்கொண்ட பிறகு ஒரு சோடி ஓடுற காலம் எனக்கு நல்லாவே கூடிப்போச்சு.

முதல்ல உங்கட கால் சப்பாத்தை எந்த இடத்தில தின்னுது எண்டு தெரியவேணும். பழைய சோடி ஒண்டை எறியாம எடுத்து மட்டமான மேசையில வச்சு, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னால இருந்து பாருங்கோ. குதிப்பகுதி நேரா நிக்குதா, உள்ளுக்குச் சரியுதா, வெளிய சரியுதா எண்டு தெரியும். உள்பக்கம் சரிஞ்சா பாதம் உள்ளுக்கு மடியுது, வெளிப்பக்கம் எண்டா பாதத்தின்ர ஓரத்தில ஊண்டி நடக்கிறியள். மூக்கு நுனியில மட்டும் தேய்வு எண்டா என்னைப் போல இழுவை. ஒரு குதி மட்டும் கூடத் தேஞ்சிருந்தா ரெண்டு காலும் நீளத்தில வித்தியாசமோ எண்டு ஒருக்கா அளந்து பாக்கச் சொல்லிக் கேக்கலாம். பிறகு கையை உள்ள விட்டு இன்சோலை வெளிய எடுங்கோ. எந்த விரல் எங்க பள்ளம் போட்டிருக்கு எண்டு அதில அச்சாக் கிடக்கும். சப்பாத்துக் கடைக்காரனுக்கு வாயால சொல்லி விளங்கப்படுத்திறதை விட அந்த இன்சோலைக் காட்டினா கெதியா விளங்கும்.

இது எனக்கு மட்டுமான கதையும் இல்ல. பாரிசவாதம் வந்து ஒரு கால் இழுபடுற ஆக்கள், மோட்டச்சைக்கிள் விபத்தில கால் முறிஞ்சு கட்டையாப் போன பெடியள், சண்டைக் காலத்தில காயப்பட்டு நரம்பு அறுந்த ஆக்கள், எங்கட ஊரில எத்தினை பேர். இளம்பிள்ளைவாதம் இலங்கையில கடைசியா வந்தது 1993 ல, ஆனா அதுக்கு முதல் வந்த ஆக்கள் இப்பவும் எங்களோடதான் நடந்து திரியினம். எல்லாருக்கும் சப்பாத்து ஒவ்வொரு இடத்தில தேயும், ஆனா செய்யிற வேலை அனேகமா ஒண்டுதான்.

சரி, சோலைப் பற்றிச் சொல்லுறன், இதிலதான் கடையில ஏமாத்துப்படுறது கூட. கையில எடுக்கேக்க பஞ்சு மாதிரி லேசா இருக்கிறது ஈவிஏ எண்டு சொல்லுற ஸ்பொஞ்ச். காலுக்குச் சுகம், பாரமில்ல, ஆனா தார் றோட்டில நேர உரசினா கரைஞ்சுபோகும், பாரத்தில அமுங்கித் தட்டையாயும் போகும். றப்பர் சோல் பாரம் கூட, ஆனா நிண்டு பிடிக்கும். பிவிசி அடி மலிவு, வெய்யிலில இறுகி மழையில வழுக்கும், ஈரமான டைல்ஸ் நிலத்தில எங்களைப் போல ஆக்களுக்கு அது ஆபத்து. நான் தேடுறது நடுவில ஸ்பொஞ்சும் நிலத்தில படுற இடத்தில றப்பரும் உள்ள சப்பாத்து, அதிலயும் அந்த றப்பர் முன்னுக்கு வந்து மூக்கில மேல மடிஞ்சு ஏறியிருக்க வேணும். பெருவிரல் நகத்தால சோலை அமத்திப் பாருங்கோ, நகம் உள்ள போய் அச்சு விழுந்தா ஸ்பொஞ்ச், வழுக்கிக்கொண்டு போனா றப்பர். விளிம்பில மட்டும் கறுப்பு நிறம் பூசி றப்பர் மாதிரிக் காட்டுறதும் உண்டு.

பொலியூரித்தேன் எண்டு இன்னொண்டு இருக்கு, பியூ சோல் எண்டு சொல்லுவினம். லேசும்தான், தேய்மானமும் குறைவுதான், ஆனா எங்கட ஊர்க் காத்துக்கு அது சரிவராது. ஈரப்பதன் அதை உள்ளுக்குள்ளயே உடைக்கும், பாவிக்காமப் பெட்டியில வச்சிருந்தாலும் உடைக்கும். லண்டனில இருக்கிற சித்தி ஒருக்கா நல்ல விலையான சோடி ஒண்டு அனுப்பினவ, அதை விசேசங்களுக்கு எண்டு அம்மா அலுமாரிக்குள்ள எடுத்து வச்சிட்டா. சில வருசம் கழிச்சு ஒரு கலியாணவீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனன், மண்டபத்து வாசலில இருந்து நான் இருந்த கதிரை வரைக்கும் கறுப்புத் தூள் ஒரு கோடா வந்திருக்கு, பின்னால வந்த ஒரு சின்னப்பிள்ளை காட்டித்தான் தெரியும். இருந்து பாத்தா அடி கேக் மாதிரி உதிருது. மேல்பக்கம் புத்தம் புதுசு. அதனால வெளிநாட்டில இருந்து வாற சப்பாத்தை எடுத்து வைக்காதையுங்கோ, வந்த உடன போடுங்கோ, கழிவு விலையில விக்கிற பழைய ஸ்ரொக்கும் கவனம்.

றப்பர் எண்டதும் ஒரு விசயம். 1876 ல ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து இறங்கின கண்டுகளில இருந்துதான் எங்கட நாட்டு றப்பர் தொடங்கினது, சப்பாத்து அடிக்கெண்டே செய்யிற கிரேப் றப்பருக்கு இலங்கை பேர்போன இடம். இவ்வளவு இருந்தும் நாங்கள் கடையில போய் வாங்கிறது இறக்குமதி ஸ்பொஞ்ச். உள்ளூரில செய்யிற டிஎஸ்ஐ, பாட்டா மாதிரியான சப்பாத்துகளில றப்பர் அடி உள்ளதைத் தேடி எடுக்கலாம், பகட்டு இருக்காது, ஆனா தைச்சு ஒட்டி மாத்திறதுக்கு வசதி.

அடி மேல்பக்கத்தோட எப்பிடி இணைஞ்சிருக்கு எண்டும் பாக்கவேணும். வெறும் பசையால ஒட்டினதா, ஓரத்தில சுத்தி நூல் ஓடுதா. இழுத்து நடக்கேக்க ஒவ்வொரு அடிக்கும் மூக்கில சோல் பிரியப் பாக்கும், அதனால முன்பக்கத்தில எண்டாலும் தையல் இருக்கிறது நல்லம். தையல் இல்லையெண்டா வாங்கின கையோட தைப்பிக்கலாம். சில சப்பாத்தில தையல் மாதிரி அச்சு மட்டும் வார்த்திருக்கும், உள்ள இன்சோலைத் தூக்கிப் பாத்தா நூல் வந்திருக்கா இல்லையா எண்டு தெரியும்.

பிறகு மூண்டு வேலை செய்து பாப்பன். குதியின்ர பின்பக்கத்தைப் பெருவிரலால அமத்துவன், மடிஞ்சு உள்ள போனா வேண்டாம், அது என்ர குதியைப் பிடிக்காது. சப்பாத்தை ரெண்டு கையாலயும் மடக்குவன், விரல் மடியிற இடத்திலதான் மடியவேணும், நடுவால மடிஞ்சா வேண்டாம். துணி பிழியிற மாதிரித் திருகுவன், முழுசாத் திருகுப்பட்டா அதுவும் வேண்டாம். கடைசியா மேசையில வச்சு மூக்கைப் பாப்பன், நுனி நிலத்தில இருந்து கொஞ்சம் மேல வளைஞ்சு நிக்கிற சப்பாத்து இழுவைக்கு நல்லம், நிலத்தோட ஒட்டிக் கிடக்கிறது உடன தடுக்கும். கடைப் பெடியன் "அக்கா, சப்பாத்து வாங்க வந்தீங்களா, உடைக்க வந்தீங்களா" எண்டு கேட்டான் ஒருக்கா. பாவம், அவன்தான் பிறகு ஸ்ரோறுக்குள்ள போய் ஆறு பெட்டி கொண்டுவந்து போட்டவன்.

இதில ஒரு இழுபறி இருக்கு. ஆக உறுதியானது வேணுமெண்டா வேலைத்தளத்தில போடுற பூட்ஸ் இருக்கு, தேயாது, ஆனா அந்தப் பாரத்தைத் தூக்க என்ர இடக்காலுக்குப் பலமில்ல, பின்னேரமாகேக்க இன்னும் கூட இழுபடும், இழுபட இழுபடத் தடுக்கி விழுறதும் கூடும். மலை ஏறுற சப்பாத்துகள் மூக்கில நல்ல றப்பர் வச்சு வரும், அது ஆசையாத்தான் இருக்கும், ஆனா அடியில பல்லுப் பல்லா இருக்கிற சோல் டைல்ஸ் விளிம்பிலயும் கால்மிதியிலயும் கொழுவும். பல்லு ஆழமில்லாத சோல்தான் எங்களுக்கு. நீடிக்க வேணும் எண்டதுக்காக விழுந்து கை முறிக்கேலாது.

இப்ப அளவு. எனக்கு இடது பாதம் வலதை விடச் சின்னன், ஒரு பக்கம் மட்டும் பாதிச்ச கனபேருக்கு இப்பிடித்தான். வலது ஆறு, இடது அஞ்சு. ஒரு சைஸ் எண்டா மூண்டில ஒரு இஞ்சி, எட்டரை மில்லிமீற்றர் வரும், சின்னனாத் தெரியும், ஆனா சப்பாத்துக்குள்ள அது பெரிய இடம். எந்த நேரமும் பெரிய காலுக்குத்தான் வாங்கவேணும், சின்னக் காலுக்கு உள்ள நிரப்பலாம், பெரிய காலை வெட்டேலாது. நிரப்பிறதிலயும் விசயம் இருக்கு. முன்னால விரல் பக்கம் பஞ்சு அடையிறது பிழை, அது மூக்கை வெறும் கூடாக்கி இன்னும் தடுக்கப் பண்ணும். சின்னக் காலுக்கு ரெண்டாவது இன்சோல் ஒண்டு அடியில போட்டு, சப்பாத்து நாக்கின்ர உள்பக்கம் மெத்தையா ஒரு துண்டு ஒட்டினா, பாதம் பின்னுக்குப் போய்க் குதியோட இறுகி இருக்கும்.

ஸ்பிளிண்ட் போடுற ஆக்களுக்கு இந்தக் கணக்கு மாறும். நான் வேலை நாளில இடக்காலுக்குப் பிளாஸ்ரிக் ஸ்பிளிண்ட் ஒண்டு போடுவன், முழங்காலுக்குக் கீழ இருந்து பாதம் வரைக்கும் வாறது, அது விரலைக் கீழ விழாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். அதைப் போட்டா சின்னக் கால் பெரிய காலாகிடும், ரெண்டுக்கும் ஆறே அளவு. இதை முதல்லயே ஆரும் சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும். ஸ்பிளிண்டுக்குச் சப்பாத்து எடுக்கேக்க உள்ள இருக்கிற இன்சோல் கழட்டக்கூடியதா இருக்கவேணும், நூல் கட்டுற வாய் விரல் பக்கம் வரைக்கும் நல்லாத் திறபடவேணும், இல்லாட்டி பாதத்தை உள்ள தள்ளவே ஏலாது. இன்னொண்டு, ஸ்பிளிண்டைச் செய்யேக்க ஒரு குதி உயரத்துக்குப் பாத்துத்தான் செய்யிறவை, அதனால அதுக்குப் பிறகு வாங்கிற எல்லாச் சப்பாத்தும் அண்ணளவா அதே குதி உயரமா இருக்கவேணும். உயரம் மாறினா முழங்கால் முன்னுக்குத் தள்ளுப்படும், இல்லாட்டிப் பின்னுக்கு வளையும், இடுப்பு நோகும்.

அளவு பாக்கிற நேரம் பின்னேரம், அப்பதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், எழும்பி நிண்டு பாக்கவேணும், உங்கட சொக்ஸோட, ஸ்பிளிண்டோட. ஆக நீண்ட விரலுக்கு முன்னால ஒரு சென்ரிமீற்றர் இடம் இருந்தாக் காணும். கொழும்புக்குப் போற ஆக்களிட்டச் சொல்லி எடுப்பிக்கிறதெண்டா சைஸ் நம்பரை நம்பாதையுங்கோ, ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு அளவு. நான் மட்டையில ரெண்டு பாதத்தையும் நிண்டபடி கீறி, வெட்டி, இடம் வலம் எழுதிக் குடுத்துவிடுவன். அந்த மட்டை மடியாமச் சப்பாத்துக்குள்ள போய்ப் படுக்கவேணும், முன்னால கொஞ்சம் இடம் மிஞ்சவேணும், அவ்வளவுதான் அவைக்கு வேலை. தம்பி ஒருக்கா புறக்கோட்டையில கடை கடையா என்ர பாதத்தைக் காவிக்கொண்டு திரிஞ்சதைச் சொல்லிச் சொல்லி இப்பவும் சிரிப்பான்.

இனி சப்பாத்து தைக்கிற ஐயாவைப் பற்றி. ரவுணுக்குள்ள ஒரு கடை விறாந்தையில குடை கட்டி இருக்கிறவர், பேர் வேண்டாம். புதுச் சோடி வாங்கினா நான் அதைப் போடமுதல் அவரிட்டத்தான் கொண்டுபோறது. முதல் முறை கொண்டுபோகேக்க பெட்டியைத் திறந்து பாத்திட்டு, "புதுசுதானே ரீச்சர், இதில என்ன தைக்கிறது" எண்டு கேட்டார். பையில கொண்டுபோன பழைய சோடியைக் குடுத்தன். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்து, தேஞ்ச இடத்தில விரலை வச்சு, "ஓம் ஓம், இந்த மூலைதான் தின்னுது, நடுவில இல்ல, சுண்டுவிரல் பக்கம்" எண்டார். நான் அவ்வளவு காலமும் கவனிக்காத விசயம் அது, நான் மூக்கு எண்டு மொத்தமாத்தான் நினைச்சிருந்தன்.

அவர் வச்சது பழைய டயரின்ர பக்கத்தில இருந்து வெட்டின துண்டு. முதல்ல புதுச் சோலின்ர அந்த மூலையைக் கத்தியால மெல்லிசாச் சீவினார், எனக்கு நெஞ்சு பதைச்சது, இவ்வளவு காசு குடுத்து வாங்கினது. "சீவாம மேல ஒட்டினா மேடாகும் ரீச்சர், நீங்கள் நடக்கேக்க அதுதான் உங்களை விழுத்தும்." சீவின பள்ளத்துக்குள்ள டயர் துண்டு சரியா உக்கார்ந்து, மற்றச் சோலோட மட்டமா வாற மாதிரி அரத்தால தேய்ச்சார். துண்டின்ர முன் விளிம்பைச் சரிவா வெட்டி மூக்கில மேல ஏத்தி விட்டார், உரசேக்க கொழுவாம வழுக்கிக்கொண்டு போறதுக்கு. பிறகு ரெண்டு பக்கத்தையும் அரத்தாளால சொரசொரப்பாக்கி, துடைச்சு, பசையை ரெண்டிலயும் மெல்லிசாப் பூசி வெய்யிலில வச்சிட்டு வெத்திலை போட்டார். நான் அவசரப்பட்டுக் கேட்டன். விரலால தொட்டுக் காட்டினார், ஒட்டேல்ல. "கையில ஒட்டாம வந்தாப் பிறகுதான் ரெண்டும் ஒண்டையொண்டு பிடிக்கும்." அதுக்குப் பிறகு சப்பாத்தை மாட்டி வைக்கிற இரும்புக் காலில கவிட்டு வச்சுச் சுத்தியலால தட்டி, மெழுகு பூசின நூலால ஓரத்தைத் தைச்சு விட்டார். அந்தத் தையல் சோலுக்குள்ள கீறின பள்ளத்துக்குள்ள இறங்கிக் கிடக்கிறது, இல்லாட்டி நூல் றோட்டில தேஞ்சு முதல் கிழமையே அறுந்துபோகும்.

துண்டு தேஞ்சு வர, அடிச் சோலைத் தொடமுதல் கொண்டுபோக வேணும். அதுதான் முழு விசயமும். அடிச் சோலும் தேஞ்சு மேல்துணியில ஓட்டை விழுந்த பிறகு கொண்டுபோனா அவராலயும் ஒண்டும் செய்யேலாது. நான் மாதம் பிறக்கேக்க ஒருக்கா இடது சப்பாத்தைக் கவிட்டுப் பாக்கிறன். ஒரு துண்டு மாத்திறதுக்கு அவர் வாங்கிற காசு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசளவும் வராது, புதுச் சோடியோட ஒப்பிட்டா ஒண்டுமே இல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சப்பாத்து விலை ஏறின ஏத்தம் எல்லாருக்கும் தெரியும்.

இரும்பு லாடம் அடிக்கலாமே எண்டு கனபேர் சொல்லுவினம். சீமெந்து நிலத்தில டக் டக் எண்டு கேக்கிறதை விடுங்கோ, டைல்ஸில அது வழுக்கும், வேண்டாம். மெதுவான றப்பரும் சரிவராது, அது நிலத்தைக் கவ்விக்கொண்டு நிக்கும், கால் வரும் சப்பாத்து வராது. வீட்டில நீங்களே ஒட்டுறதெண்டா சுப்பர் குளூ போடாதையுங்கோ, அது காய்ஞ்சு கண்ணாடி மாதிரி இறுகும், மடியிற இடத்தில பட்டெண்டு வெடிக்கும். சப்பாத்துக்கெண்டு விக்கிற மஞ்சள் பசைதான் சரி. மாரி மழைக்குள்ள ஒட்டுற வேலை வைக்கவேண்டாம் எண்டு ஐயாவே சொல்லுவார், காத்தில ஈரம் இருந்தாப் பசை பிடிக்காது, ஐப்பசிக்கு முதலே எல்லாம் பாத்து முடிச்சிட வேணும்.

சாரி கட்டுறதில ஒரு கரைச்சல் இருக்கு, ஆம்பிளையளுக்கு இது விளங்காது. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சாரி. சாரிக்கு எல்லாரும் போடுறது திறந்த சாண்டில்ஸ், எனக்கு அது காலில நிக்காது. நான் கறுப்புச் சப்பாத்து, வெள்ளை அடி இல்லாத முழுக் கறுப்பு, தூரத்தில பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் பரவாயில்ல, முதல் வருசம் பாத்தவை, பிறகு ஆர் பாக்கினம். சப்பாத்தைப் போட்டிட்டுத்தான் சாரி கட்டவேணும், வெறுங்காலோட கட்டினா உயரம் பிழைக்கும். இடப்பக்கம் ஒரு விரல்கடை உயத்திக் கட்டுவன், இல்லாட்டி இழுபடுற மூக்குக்குள்ள கரை அம்பிட்டு, சாரியும் கிழிஞ்சு ஆளும் விழும். சுருக்கு எடுத்து ஊசி குத்தின பிறகு ரெண்டடி நடந்து பாத்திட்டு வெளிக்கிடுங்கோ.

செருப்பு எண்டா விரலிடுக்கில பட்டி வாற பாட்டாச் செருப்பு எங்களுக்கு இல்ல. அதைக் காலில வச்சிருக்க விரலால இறுக்கிப் பிடிக்கவேணும், என்ர இடது விரலுகள் சொன்னபடி கேக்காது, நாலடியில செருப்பு பின்னால கிடக்கும் நான் முன்னால நிப்பன். குதிக்குப் பின்னால பட்டி உள்ளதுதான் வீட்டுக்கும் வெளியாலயும். கோணேசர் கோயிலுக்குப் போகேக்கயும் அதுதான், கழட்டுறதும் போடுறதும் சுகம். ஆனா கோட்டை வாசலால ஏறிப்போய்ச் செருப்பைக் கழட்டி வச்சா நிழலில வையுங்கோ. ஸ்பொஞ்ச் செருப்பு வெய்யிலில சுருங்கும், சும்மா கதை இல்ல, நல்ல வெக்கையில கிடந்தா அரை சைஸ் சின்னனாப் போய் குதி வெளிய தொங்கும். அங்க நிக்கிற மானுகளையும் நம்பேலாது, வாயில அம்பிட்டதைச் சப்பிப் பாக்கும். ஸ்பிளிண்ட் இல்லாம வெறுங்காலோட சுடுகல்லில நடக்கிறது எனக்குக் கஷ்டம்தான், அதனால விடியப் பூசைக்குத்தான் போறது.

கடற்கரை மணல் இன்னொரு சனியன். உப்புவெளிப் பக்கம் பிள்ளையளோட போயிட்டு வந்தா இன்சோலைக் கழட்டித் தட்டாமப் படுக்கக்கூடாது, உள்ள இருக்கிற மணல் துணியை உள்பக்கத்தில இருந்து அரத்தாள் மாதிரித் தேய்க்கும், ஸ்பிளிண்ட் போடுற காலில தோலையும் தேய்க்கும். வெல்குரோப் பட்டிக்குள்ள மணலும் நூலும் அடைஞ்சா ஒட்டாது, பழைய பல்லுத்தூரிகையால வாரினா திரும்ப ஒட்டும். காலோட ஒரு கையும் பலமில்லாத ஆக்களுக்கு வெல்குரோதான் லேசு, ஆனா குதியை இறுக்கிப் பிடிக்கிறதில சப்பாத்து கட்டுற நூல்தான் திறம். மேல கடைசியா ஒரு ஓட்டை சும்மா கிடக்கும் பாருங்கோ, அதுக்குள்ள நூலை அதே பக்கத்தில வளையமாக் கோத்து, மற்றப் பக்க நூலை அந்த வளையத்துக்குள்ளால எடுத்துக் கட்டினா குதி எழும்பாது. நூலுக்குப் பதிலா எலாஸ்ரிக் நூல் போட்டா ஒருக்காக் கட்டினாக் காணும், ஒரு கையால போட்டுக் கழட்டலாம்.

நனைஞ்ச சப்பாத்தை வெய்யிலில போடாதையுங்கோ, அடுப்படியிலயும் வேண்டாம், பசை விடும். இன்சோலை எடுத்திட்டு உள்ள பத்திரிகைத் தாளை அடைஞ்சு காத்தில வையுங்கோ, ஒருக்காத் தாளை மாத்துங்கோ. கச்சான் காத்துக் காலத்தில ஒரு இரவில காயும், மார்கழியில ரெண்டு நாளும் போகும். அதுக்குத்தான் ரெண்டு சோடி. ரெண்டையும் மாறி மாறிப் போட்டா ஸ்பொஞ்ச் திரும்ப எழும்ப நேரம் கிடைக்கும், வேர்வையும் காயும். காசிருக்கேக்க ஒரே மாதிரி ரெண்டு சோடி எடுக்கிறது நல்லம், சப்பாத்துக் கொம்பனிக்காரர் நல்ல மொடலா வந்தா அடுத்த வருசம் அதை நிப்பாட்டிப் போடுவினம், அதில மட்டும் எல்லாக் கொம்பனியும் ஒற்றுமை.

பழைய சப்பாத்தை பிசியோவிட்ட, அதான் தசைக்குப் பயிற்சி தாற பிசியோதெரபிஸ்ட்டிட்ட, போகேக்க கொண்டுபோங்கோ. நான் நடந்து காட்டினா அஞ்சு நிமிசம் வடிவாத்தான் நடப்பன், ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கேக்க எல்லாரும் அப்பிடித்தான், சப்பாத்து அப்பிடி நடிக்காது. என்ர தேய்வு மூக்கில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளி ஓரத்துக்குப் போறதைப் பாத்துத்தான் என்ர பிசியோ கெண்டைக்கால் இன்னும் இறுகியிருக்கு எண்டு கண்டுபிடிச்சு, நீட்டி இழுக்கிற பயிற்சியைக் கூட்டிவிட்டவ. குதிக்கு உள்ள சின்னதா ஒரு உயரம் வைக்கவும் சொன்னவ, குதி நிலத்தைத் தொடாத காலுக்கு அது ஒரு தாங்கல். ஆனா அதை நீங்களா அளந்து வைக்கவேண்டாம், அவையிட்டக் கேட்டு வையுங்கோ. தேயிற இடம் திடீரெண்டு மாறினா, இதுவரைக்கும் தேயாத மற்றக் கால் தேயத் தொடங்கினா, சப்பாத்துக் கடைக்கு முதல் டொக்டரிட்டப் போங்கோ. சீனி வருத்தம் உள்ளாக்கள் ஒவ்வொரு இரவும் காலைப் பாக்கவேணும், விறைச்ச காலில சப்பாத்து வெட்டினாலும் தெரியாது.

சின்னப்பிள்ளையளுக்கு இப்பிடிப் பிரச்சினை இருந்தா, வளரும்தானே எண்டு ரெண்டு சைஸ் பெரிசா வாங்கிற வேலையை மட்டும் விடுங்கோ. சாதாரண பிள்ளை அதுக்குள்ள தப்பிப் போடும், இழுத்து நடக்கிற பிள்ளை ஒவ்வொரு நாளும் விழும். பள்ளிக்கூடத்து வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து பாக்க வடிவு, ஆனா குதியைப் பிடிக்காது, ஸ்பிளிண்ட் அதுக்குள்ள போகாது, மூக்கு ஒரு தவணைகூடத் தாங்காது. அதிபரிட்டப் போய்க் கதையுங்கோ, பிசியோவிட்டயோ டொக்டரிட்டயோ ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போனா இன்னும் லேசு, வேற சப்பாத்துப் போட அனேகமா விடுவினம். வெள்ளையில விளையாட்டுச் சப்பாத்துக் கிடைச்சா பிள்ளைக்கும் வித்தியாசமாத் தெரியாது. தவணை தொடங்கமுதலே போங்கோ, முதல் நாள் வாசலில மாணவத் தலைவர்மார் பிள்ளையை மறிச்சு வச்சுக் கேட்ட பிறகு போகவேண்டாம்.